பேரனை விடாத இடத்தில் வாடகை வாங்கலாமா?

கேள்வி: கணவர் விட்டுச்சென்ற வீட்டின் பின்பகுதியை, இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள குடும்பமொன்றுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். மழை பெய்தால் மான்ஹோல் நிறைந்து முற்றத்தில் கழிவுநீர் நிற்கிறது, கூரைப் பீலியிலும் தண்ணீர் தேங்குகிறது என்று ஓயாமல் முறையிடுகிறார்கள். இருப்பவர்கள்தானே சுத்தம் பார்க்க வேண்டும்? இப்போது பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) போவோம் என்கிறார்கள். கனடாவிலுள்ள மகன் அவர்களை எழுப்பிவிடச் சொல்கிறார். அவர் குடும்பத்துடன் வந்திருந்தபோது, நுளம்பு கடிக்குமென்று பேரனைப் பின்பக்கம் விடாமல் மறிப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, வாடகைக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு, பேரனைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதிய வரியையே எடுத்துக்கொள்கிறேன். பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துதானே அவனை மறித்தீர்கள்? விடுமுறைக்கு வந்த உங்கள் பேரன் சற்று நேரம் விளையாடவும் தகாத முற்றத்தில், மாதந்தோறும் உங்களுக்கு வாடகை தரும் ஒரு தாய் தன் பிள்ளைகளை வளர்க்கிறாள். அவள் பிள்ளைகளை நுளம்பு கடிக்காதா?

பெருக்குவதும், குப்பையைப் பிரித்து மாநகர சபை வண்டியில் போடுவதும் குடியிருப்பவரின் வேலைதான். அடைபட்ட குழாயும் கூரைப் பீலியும் உங்கள் சொத்து. ஏணி வைத்து ஏறிப் பீலியில் மக்கிய இலையை அள்ளுவதும் அவர்கள் தலையிலா? ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டிருந்தாலொழிய, வாடகைக்கு விட்ட வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை, நம் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டம் வீட்டுச் சொந்தக்காரர் மீதே சுமத்துகிறது. நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமோ குடியிருப்பவரோடு உரிமையாளரையும் சேர்த்தே பிடிக்கும். டெங்கு நுளம்புக்குக் கழிவுநீரைவிடப் பீலியில் நிற்கும் மழைநீரே பிடித்தமானது. முட்டை நுளம்பாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டதை அதற்குள் மறந்துவிட்டோமா?

மகன் சொல்வது சுத்த அநியாயம். நீதிமன்றக் கட்டளையின்றி குடியிருப்பவரை வெளியே தள்ள முடியாது. தள்ளினாலும் அடைப்பு அப்படியே இருக்கும், அடுத்து வருகிறவரும் அந்தத் தண்ணீரில்தான் கால் வைப்பார். தன் பிள்ளையை அந்த முற்றத்தில் விடக் கூடாதென்று கண்டவர், அதைத் திருத்துவதற்கல்லவா காசு அனுப்பியிருக்க வேண்டும்? தகப்பன் வீட்டில் உரிமை கேட்கிற பிள்ளைக்கு அந்த வீட்டின் கடமையிலும் பங்கு உண்டு என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

பி.எச்.ஐ. வருவதை மிரட்டலாக எடுக்காதீர்கள். அவர் வந்து பார்த்து, திருத்தச் சொல்லுவார். அசட்டை செய்தால் விவகாரம் நீதிமன்றம் வரை போகும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு கட்டளையிட நீதவானுக்கு அதிகாரமுண்டு. இந்த வயதில், இந்தக் காரணத்துக்காக, நீங்கள் நீதிமன்றப் படியேற வேண்டுமா?

இந்த வாரமே குழாய் வேலை தெரிந்த ஒருவரை அழைத்து, வளவுக்குள் இருக்கும் அடைப்பை எடுப்பியுங்கள். அடைப்பு வீதிக் குழாயில் இருந்தால், மாநகர சபைக்கு முறைப்பாடு கொடுப்பதும் உங்கள் வேலையே. பீலியைத் துப்புரவாக்கி, தண்ணீர் தேங்காதபடி அதன் சரிவைச் சீராக்குங்கள். செலவை அந்தக் குடும்பத்தின் வாடகையில் ஏற்ற நினைக்காதீர்கள். வேலையாள் எந்த நாளில் வருவார் என்பதை நீங்களே பின்பக்கம் போய் அவர்களிடம் சொல்லுங்கள்; மகனைத் தொலைபேசியில் பேச விடாதீர்கள்.