கணினிக் கேள்வி பதில்: 450 வாட் என்ற பயம்

மகனின் டெஸ்க்டொப்பைத் திறந்து பார்த்தேன். பவர் சப்ளையில் 450 வாட் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட் போய்விடுமே? கரண்ட் பில் ஏறியது இதனாலா?
– வாசகர், ஹட்டன்

450 என்பது அந்தப் பவர் சப்ளையால் கொடுக்க முடிந்த உச்சம், எந்நேரமும் இழுக்கும் அளவல்ல. பாடம், யூடியூப் என்று ஓடும் சாதாரண டெஸ்க்டொப்புக்கு 50 முதல் 80 வாட் போதும். எல்.ஈ.டி. மொனிட்டர் மேலும் ஒரு 20 எடுக்கும். பழைய கண்ணாடிக் குழாய் மொனிட்டராக இருந்தால் அதுவே 70ஐத் தாண்டும்.

வீட்டு மீட்டரிலேயே இதை அளந்து பார்க்கலாம். சிமிட்டும் சிவப்பு விளக்கின் பக்கத்தில் 1600 அல்லது 3200 என்பதுபோல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், ரவுட்டர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கணினியை மட்டும் ஓடவிட்டு 10 நிமிடம் எண்ணுங்கள். 1600 மீட்டரில் 21 தடவை சிமிட்டினால், 21ஐ 6ஆல் பெருக்கி 1600ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 0.079 யூனிட், அதாவது ஏறக்குறைய 80 வாட்.

80 வாட் கணினி தினமும் 4 மணித்தியாலம் ஓடினால் 30 நாளில் 9.6 யூனிட். இரவு பகலாக ஓடினால் 57.6. வித்தியாசம் 48 யூனிட். வீட்டுப் பாவனை மாதம் 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை வேறு என்பதால் அடி அங்கேதான் விழும்.

ஸ்கிரீன் சேவர் எதையும் மிச்சப்படுத்தாது. மொனிட்டர் 5 நிமிடத்தில் அணையவும், கணினி 15 நிமிடத்தில் ஸ்லீப்புக்குப் போகவும் வையுங்கள். ஸ்லீப்பில் 1 முதல் 3 வாட்தான். ஆனால் அப்போது வேலை ரெம் எனும் தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும்; கரண்ட் போனால் அதுவும் போய்விடும். யூ.பி.எஸ். இல்லாத வீட்டுக்கு, வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு கணினி அணையும் ஹைபர்னேட்தான் சரி. கண்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் பவர் பட்டன் அமைப்புகளில் அதைத் தெரிவு செய்யலாம். இடி முழங்கும்போது எந்த நிலையிலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ரவுட்டரின் தொலைபேசி வயரையும் சேர்த்து.

எங்களுக்குப் பக்கத்தில்தான் லக்ஷபான. நாங்கள் பாவிப்பது நீர்மின்சாரம்தானே, கணினியை நிறுத்தாமல் விட்டால் சூழலுக்கு என்ன கேடு?
– வாசகி, மஸ்கெலியா

நாடு முழுக்க ஒரே மின்கட்டமைப்பு. மவுசாக்கலையிலும் காசல்ரீயிலும் நிற்கும் தண்ணீர் சேர்த்து வைத்த மின்சாரம். இன்று மிஞ்சினால் நாளைக்கு உதவும். குறைந்தால் அந்த இடத்தை நுரைச்சோலையின் நிலக்கரியோ எண்ணெயோதான் நிரப்பும். அணை வான் பாயும் நாட்களில் மட்டும் உங்கள் வாதம் செல்லும்! நெருக்கடி மாலை 6.30 முதல் 10.30 வரை. லெப்டொப் என்றால் பகலில் சார்ஜ் ஏற்றிவிட்டு அந்நேரம் பெட்டரியில் ஓட்டுங்கள்.

ஈரம் பிடிக்காமலிருக்க இரவு முழுவதும் கணினியை ஓடவிடுகிறோம். சரியா?
– வாசகர், நானுஓயா

பத்து மணித்தியாலத்துக்கு அரை யூனிட்டுக்கு மேல் வீண். பனியை விட, பனியை உறிஞ்சி வைத்திருக்கும் தூசிதான் எதிரி. மாதம் ஒருமுறை விசிறியையும் உள்ளேயும் மென்மையான பிரஷால் துடையுங்கள். பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மூடுவதற்குப் பருத்தித் துணி. பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஓடும்போது எதையும் போர்த்தக் கூடாது.

திரை வராமல் 'பீப்' சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் ரெம்மின் தொடுமுனைகள் மங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திவிட்டு ரெம்மை எடுங்கள். தங்க நிற ஓரத்தை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, விரல் படாமல், கிளிப் 'டக்' என்று விழும்வரை திரும்ப அழுத்துங்கள்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது, புது லெப்டொப் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, பண்டாரவளை

2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள், முடிந்தது உண்மை. மெஷின் அன்றே செத்துவிடவில்லை. லெப்டொப் ஒன்றின் வாழ்நாள் காபனில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வெளியேறிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான 256 ஜிபி எஸ்.எஸ்.டி., 8 ஜிபி ரெம், விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்: இன்னும் சில வருடம் ஓடும். முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி வை-ஃபை, பிரின்டர், தமிழ் விசைப்பலகை மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகே நிறுவுங்கள். பெட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் ஏற்ற வேண்டாம்; குத்தாமல், கானில் வீசாமல், திருத்தும் கடையில் கொடுத்துக் கழற்றுங்கள்.