சொந்தக் காசில் வாங்கிய பாட்டு சிடி, கேசட்டை பென் டிரைவுக்கு மாற்றலாமா? பூட்டுப் போட்ட சிடி என்றால்?

பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் அப்பா வாங்கிய சினிமாப் பாட்டு சிடிகள் இருக்கின்றன. சுடலை மாடன் கோயில் கொடை விழாவில் அவரே டேப்பில் பிடித்த வில்லுப்பாட்டு கேசட்டுகளும் இருக்கின்றன. இவற்றை மாற்றலாமா, கணினியில் ஓடாத சிடியை என்ன செய்வது, ஜங்ஷன் பக்கம் கடையில் கொடுத்தால் தப்பா என்பவை உங்கள் கேள்விகள்.

மாற்றலாம். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவில் வரும் முதல் விதிவிலக்கே இதுதான்: சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமாகக் கையாள்வது உரிமை மீறல் ஆகாது. முன்பு இதில் ஒலிப்பதிவு சேரவில்லை. 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கணினி மென்பொருள் தவிர எல்லாப் படைப்புகளையும் இதற்குள் கொண்டுவந்தது. ஆனால் ‘சிடியை நகலெடுக்கலாம்’ என்று சட்டம் எழுத்துக்கு எழுத்து சொல்லவில்லை. ‘நியாயமாக’ என்ற சொல்லை வைத்துத்தான் எல்லாம். அசல் உங்களிடம் இருக்க வேண்டும், நகல் உங்கள் காதுக்கு மட்டும். அசலை விற்றுவிட்டு நகலை வைத்துக்கொள்வதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

கொடையில் பிடித்த கேசட்டுக்கு நிலைமை இன்னும் தெளிவு. வில்லிசைக் குழுவினருக்கு நிகழ்த்துவோர் உரிமை உண்டு. ஆனால் பதிவு செய்தவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகச் செய்த பதிவு அந்த உரிமையை மீறாது என்று 39ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. யூடியூபில் ஏற்ற வேண்டுமென்றால் குழுவிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

நகலெடுக்க விடாமல் சிடியில் வைக்கும் பூட்டைப் பற்றியது அதே சட்டத்தின் 65ஏ பிரிவு. பூட்டை உடைப்பது எப்போதுமே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. ஆனால் அதற்கு உங்களுக்கு உதவுகிறவர் உங்கள் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். ஜங்ஷன் கடைக்காரர் அப்படி ஒரு நோட்டு போட்டு எழுதுவாரா என்று பாருங்கள். இல்லையென்றால் பூட்டுப் போட்ட சிடியை வீட்டிலேயே மாற்றுவது நல்லது. தன் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பாட்டைக் காசுக்கு உங்கள் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிற கடை வேறு கதை. அது 63ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

இனி வேலை. 1980இல் ஆடியோ சிடிக்கு வகுத்த தரத்தில் நகலைத் தடுக்கும் பூட்டே கிடையாது. 2000க்குப் பிறகு ஒட்டவைத்ததுதான் இதெல்லாம். ஒரு வகையில், பாட்டுகளின் அட்டவணையை இரண்டாவது செஷனில் (சிடியில் தனியாக எழுதிய பகுதி) வேண்டுமென்றே தப்பாக எழுதியிருப்பார்கள். வீட்டு பிளேயர் முதல் செஷனை மட்டும் படிப்பதால் பாடும்; கணினி கடைசிச் செஷனைப் பார்த்து ஏமாறும். வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், சில டிரைவ்கள் ஏமாறுவதில்லை. சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளின் பழைய பதிப்புகளில் அட்டவணையைத் தானே கண்டுபிடிக்கும் வசதியும் இருந்தது. இன்னொரு வகை, சிடியைப் போட்டதும் விண்டோஸில் ஒரு மென்பொருளை நிறுவப் பார்க்கும். போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அது தானாக ஓடாது. எதையாவது நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2005இல் சோனி பிஎம்ஜி சிடிகளில் இப்படி வந்த மென்பொருள் கணினிக்குள் ஒளிந்துகொண்டு பாதுகாப்பில் ஓட்டை போட்டது; கடைசியில் அந்தச் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள்.

உங்கள் சிடி ஓடாததற்குப் பூட்டைவிடக் கீறலே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறலைத் திருத்துவது டிரைவுக்குக் கஷ்டம். லேபிள் பக்கம் உரிந்திருந்தால் அந்த இடத்துப் பாட்டு போனதுதான். எம்பி3 சிடி என்றால் கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டால் போதும். ஆடியோ சிடியை, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக எடுங்கள். சுருக்காமல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், ஃபிளாக்கில் ஏறத்தாழ பாதி. கார் பிளேயருக்கு அதிலிருந்து எம்பி3 செய்து, பென் டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மட் செய்து ஏற்றுங்கள்.

கேசட்டுக்குத்தான் பொறுமை வேண்டும். முதலில் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் ஒடித்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நடுவில் இருக்கும் சிறு கம்பளிப் பட்டை கழன்றிருந்தால் சத்தம் மங்கும். திருகு போட்ட வேறு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். ஹெட்டை ஐசோபிரைபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். குடத்தின் தாளமும் வில்லின் மணியும் மந்தமாகக் கேட்டால், ஹெட் பக்கத்துத் திருகை மெதுவாகத் திருப்பி மணிச்சத்தம் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்கு ஒயர் போடுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் சொருகினால் பெரும்பாலும் ஒற்றைப் பக்கச் சத்தம்தான் வரும், அதுவும் கரகரக்கும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 60 நிமிடக் கேசட் 60 நிமிடம் ஓடத்தான் வேண்டும், குறுக்குவழி இல்லை. இரைச்சல் நீக்கும் வேலையை நகலின் நகலில் செய்யுங்கள். மூலப் பதிவைத் தொடாதீர்கள்.

செயலியில் சந்தா கட்டி இறக்கிய பாட்டு உங்களுடையது அல்ல, வாடகை. சந்தா நின்றால் கோப்பு திறக்காது. சொந்தமாக வேண்டுமென்றால் பூட்டில்லாமல் விற்கும் இடத்தில் வாங்குங்கள். ஐடியூன்ஸ் கடை 2009 முதல் பாட்டுகளை அப்படித்தான் விற்கிறது.

கோப்பின் பெயரிலேயே கோயில், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கும், அதனால் அதற்கு முன்பே கொடைக் கேசட்டுகளை முடித்துவிடுங்கள். சினிமாப் பாட்டு எங்கேயாவது கிடைக்கும், அந்த வில்லுப்பாட்டு உங்கள் பரணில் மட்டும்தான் இருக்கிறது.