ஆற்றிலும் ஏரியிலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போட எந்த நரம்பு, எந்த ரீல் வாங்கலாம்?

கேள்வி கேட்டவரிடம் 3000 ரூபாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காவிரிக் கரையிலோ ஊர் ஏரியிலோ உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும். ஒற்றை இழை நைலான் நல்லதா, பல இழை பின்னிய பிரெய்டு நல்லதா, எத்தனை கிலோ தாங்கும் நரம்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் ராடைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நரம்புக்கு மட்டும் "50 எல்பி பிரெய்டு போட்டுக்கோங்க, எதுவும் அறுக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பவானிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கம்பியை அளப்பதும் சுற்றுவதும்தான் பிழைப்பு. மீன்பிடி நிபுணன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. போட்டிகளுக்குப் போகிறவர்கள், ஜப்பான் ரீல் வைத்திருப்பவர்கள் வந்து "இவனுக்கு என்ன தெரியும்" என்று கேட்கலாம், கேளுங்கள். கடல் மீனைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. ஆனால் ஒரு உருளையில் ஒரு இழையை எப்படிச் சுற்றுவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நீங்கள் புதிதாகத் தொடங்குகிறவர், சொல்லித்தர ஆள் இல்லை, ஆன்லைனில் ராடு, ரீல், மணி, பொம்மை மீன் எல்லாம் ஒரே பையில் வரும் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த செட்டையே வாங்குங்கள், தப்பில்லை. அதோடு வரும் நரம்பை மட்டும் கழற்றி எறிந்துவிடுங்கள். ராடு சுமாராக இருந்தாலும் மீன் வரும். நரம்பு சுமாராக இருந்தால் வராது. எங்கள் பக்கம் மூங்கில் கழியில் செருப்பு ரப்பரைத் தக்கையாகக் கட்டி, பை நிறைய ஜிலேபி மீன் பிடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நரம்பை மட்டும் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

முதலில் கிலோ கணக்கு. டப்பாவில் எல்பி என்று போட்டிருப்பது பவுண்டு. ஒரு பவுண்டு அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 15 எல்பி என்றால் ஏறக்குறைய 6.8 கிலோ. ஆனால் அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள், விட்டத்தைப் பாருங்கள். 0.25 மில்லிமீட்டர் என்று அச்சடித்த நைலான் சுருள் ஒன்றைக் கடையில் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன், 0.31 காட்டியது. இழையின் பலம் அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், செம்புக் கம்பிக்கும் இதே கணக்குதான். 0.25-க்கும் 0.30-க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் பரப்பு 44 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால்தான் சில கம்பெனிகள் தடித்த நரம்புக்கு மெல்லிய அளவை அச்சடித்து "பாருங்கள், எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு பலம்" என்று விற்கின்றன. மைக்ரோமீட்டரில் பார்ப்பதாக இருந்தால் முனையில் இருக்கும் ராட்செட் குமிழைத் திருகி மெதுவாகப் பாருங்கள், இறுக்கினால் நைலான் நசுங்கித் தப்பாகக் காட்டும். பிரெய்டை இப்படி அளக்கவே முடியாது, அது தட்டையாகிவிடும்.

சரி, எந்த அளவு? ஜிலேபி, சின்னக் கெண்டைக்கு 0.20 அல்லது 0.25 நைலான் போதும். ரோகு, கட்லா, மிர்கால் வரும் தண்ணீரில் 0.30, பாறையும் முட்செடியும் இருந்தால் 0.35. ராத்திரி வாளைக்கும் பெரிய கெளுத்திக்கும் உட்காருகிறவர்கள் 0.40-க்கு மேல் போவார்கள், அது வேறு ஆட்டம். எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும் என்றால் 0.30 வாங்குங்கள். நல்ல 0.30 நைலான் ஆறு ஏழு கிலோ தாங்கும். நம் ஊர் ஏரியில் புதிதாக உட்காருகிறவருக்கு அதற்கு மேல் இழுக்கிற மீன் வந்தால் அது அதிர்ஷ்டம், அன்றைக்கு நரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பிரெய்டைக் கெட்டது என்று சொல்லவில்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்வது. அதே பலத்துக்கு நைலானைவிட மிக மெல்லியது, நீளாது, சுருள் பிடிக்காது, தண்ணீரில் மிதக்கும். அல்லியும் தாமரையும் மூடிக் கிடக்கும் ஏரியில் ரப்பர் தவளையை வீசி விரால் பிடிக்கிறவர்களுக்கு அது வேண்டும்தான். விரால் கவ்வியதும் கொடிக்குள் ஓடும், கொடியோடு சேர்த்து இழுத்தாக வேண்டும், நீளுகிற நரம்பு அங்கே உதவாது. ஆனால் தக்கை போட்டு உட்காருகிறவருக்கு எதற்கு? நைலான் கொஞ்சம் நீண்டு கொடுப்பதால்தான் ரோகு திடீரென்று திரும்பும்போது வாய் கிழியாமல் இருக்கிறது. மேலும் பிரெய்டு கல்லில் உரசினால் சீக்கிரம் அறுந்துவிடும். படித்துறையில் உட்காருகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது 50 எல்பி கதைக்கு வருகிறேன். அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தபோது புது ரீல், புது ராடு, கடைக்காரரே சுற்றிக் கொடுத்த 50 எல்பி பிரெய்டு எல்லாம் கொண்டுவந்தான். நெரிஞ்சிப்பேட்டைக்குப் போனோம். அங்கே கதவணைக்கு மேல் பக்கம் காவிரி குளம்போல் நிற்கும், எதிர்க்கரையில் பூலாம்பட்டி, நடுவில் படகு போய்வந்துகொண்டிருக்கும். கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து அடியில் போட்டிருந்தான். பத்தரை மணி வாக்கில் ராடு வளைந்தது. ரோகுதான், ஓடின ஓட்டத்திலேயே தெரிந்தது.

அவன் கைப்பிடியைச் சுற்றுகிறான், சுற்றுகிறான், நரம்பு உள்ளே வரவே இல்லை. மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியே போகலாம் என்று வைக்கும் பிரேக்குக்கு டிராக் என்று பேர். அதைத் திருகி முழுக்க இறுக்கினான். அப்போதும் நரம்பு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. "டூப்ளிகேட் ரீல் மாமா, டிராக் போச்சு" என்று கத்துகிறான். பக்கத்தில் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் "தம்பி, வண்டி கிளட்ச் போயிருச்சாட்டம் இருக்குதுங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

நான் ரீலில் நரம்பைச் சுற்றும் உருளையை, அதாவது ஸ்பூலைப் பார்த்தேன். ஸ்பூல் அசையாமல் நிற்கிறது, அதன்மேல் இருந்த நரம்புக் கட்டு மட்டும் மொத்தமாக வழுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. ரீலில் ஒரு குறையும் இல்லை. வழவழப்பான அலுமினிய ஸ்பூலில் நேரடியாகப் பிரெய்டைச் சுற்றியிருக்கிறார்கள். பிரெய்டு மெழுகு போல் வழுக்கும், நீளாது, அதனால் ஸ்பூலை இறுக்கிப் பிடிக்காது. அடியில் பிடி இல்லாவிட்டால் மேலே எத்தனை மீட்டர் சுற்றினாலும் அது தனி வளையம்தான். காயில் கட்டும் கடையில் முதல் மாதம் வேலைக்கு வரும் பையனுக்கே முதல் சுற்றை நழுவாமல் பிடிக்க வைத்துவிட்டு அப்புறம் மிச்சத்தைச் சுற்றச் சொல்லித்தான் கொடுப்போம்.

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நரம்பைப் பிடிக்கச் சொன்னேன். வெறும் கையால் பிடித்திருந்தால் பிரெய்டு விரலை அறுத்திருக்கும். பாதி தூரம் வந்தது, கரையோரக் கல்லில் நரம்பு உரசியது, போய்விட்டது. 50 எல்பி நரம்பு! அவன் கரையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த ரீலுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, படத்தோடு விமர்சனமும் எழுதிவிட்டான். மறுநாள் கடையில் வைத்து பிரெய்டு முழுவதையும் கழற்றி, முதலில் பத்துப் பதினைந்து மீட்டர் நைலானைச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டை முடிந்து, ஈரத்துணிக்குள் விட்டு இழுவையோடு சுற்றிக் கொடுத்தேன். முனையில் ஒன்றரை மீட்டருக்கு 0.40 நைலானையும் சேர்த்தேன், கல்லில் உரசுவது அதுவாக இருக்கட்டும் என்று. அதே ரீல் இன்றுவரை ஓடுகிறது. விமர்சனத்தை எடுடா என்றால் "யார் மாமா அதெல்லாம் படிக்கிறாங்க" என்கிறான். நீங்கள் படிக்கிறீர்களே! நட்சத்திரம் பார்த்து ரீல் வாங்காதீர்கள் என்பதற்காகவே இதை இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

நைலானுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது ஸ்பூலைக் கவ்விக்கொள்ளும். ஆனால் சுற்றும்போது முறுக்கு ஏறும். சுருளைத் தரையில் லேபிள் மேலே தெரியும்படி போட்டு, நரம்பை ஈரத்துணியில் பிடித்துக்கொண்டு இருபது சுற்று சுற்றுங்கள். நிறுத்தித் தளர விட்டுப் பாருங்கள், நரம்பு தானாக முறுக்கிக்கொண்டால் சுருளைத் திருப்பிப் போடுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். அதிகம் சுற்றினால் வீசும்போது கொத்தாக விழும், குறைத்தால் தூரம் போகாது.

டிராகை நரம்பின் பலத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும். நான் பழைய செம்பு எடை போடும் தொங்கு தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்து, 0.30-க்கு இரண்டு கிலோவுக்குள் வைக்கிறேன். முழுக்க இறுக்கி வைத்துவிட்டு "நரம்பு அறுந்துபோச்சு" என்பவர்களிடம் என்ன சொல்ல!

இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசும் கையுமாக ஆற்றங்கரையில் இருக்கும்போது போன் வரும். "மோட்டார் புகையுதுங்க, உடனே வாங்க." ஞாயிறு கடை லீவு என்று போர்டில் எழுதியிருக்கிறது, கடைக் கார்டில் எழுதியிருக்கிறது. போகாவிட்டால் தென்னை காயும் என்பார்கள், போய்க் கழற்றிக் கொண்டுவந்து கட்டி முடித்தால் "புது மோட்டாரே இந்த விலைக்கு ஆன்லைன்ல வருதே" என்பார்கள். செம்பு என்ன விலை விற்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. லோ வோல்டேஜில் மூன்று முறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தது நானா? சரி, விடுங்கள், இது உங்கள் கேள்வி இல்லை.

தூண்டில் முள்ளுக்கு வருகிறேன். எண் கூடக் கூட முள் சின்னதாகும், எங்கள் கம்பி கேஜ் மாதிரியேதான். ஜிலேபிக்கு 8 அல்லது 10, ரோகு கட்லாவுக்கு 4 அல்லது 6. 1/0, 2/0 என்று போட்டிருந்தால் அவை பெரிய முட்கள், உங்களுக்கு இப்போது வேண்டாம். நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போனால் கூர் இல்லை, நகத்தில் பிடித்து நின்றால் சரி. ஈயக்குண்டை எல்லாரும் பல்லால் கடித்துத்தான் நசுக்குகிறார்கள். ஈயம் விஷம், சின்ன பிளையர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சால்டரிங் புகையையே பயந்து பயந்து விடுகிற தொழிலிலிருந்து சொல்கிறேன்.

முடிச்சை எச்சிலில் நனைத்துவிட்டு இறுக்குங்கள். உலர்ந்த நைலானை வேகமாக இறுக்கினால் உரசல் சூட்டிலேயே அந்த இடம் பலமிழந்துவிடும். முள்ளின் கண்ணில் நுழைத்து ஐந்தாறு சுற்று சுற்றி வளையத்துக்குள் விடும் சாதாரண முடிச்சு நைலானுக்குப் போதும். பிரெய்டில் அது நழுவும், நரம்பை இரட்டையாக மடித்துக் கண்ணில் நுழைத்துப் போடும் பாலோமர் முடிச்சுதான் நிற்கும்.

கடையில் வெயில் படும் இடத்தில் தொங்கும் நரம்பை வாங்காதீர்கள். வெயில் நைலானைக் கெடுத்துவிடும், பார்த்தால் தெரியாது. விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் வேண்டாம். வாங்கியதையும் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள். வெட்டிப்போட்ட துண்டுகளைக் கரையில் விடாதீர்கள், கொக்கு காலில் சுற்றிக்கொள்ளும். பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

"பொழுதுபோக்குக்கு உயிரைக் கொல்வதா" என்று யாராவது கருத்து எழுதுவார்கள் என்று தெரியும். நான் பிடிப்பதைச் சாப்பிடுகிறேன், குஞ்சை விட்டுவிடுகிறேன், இதற்கு மேல் வாதாட எனக்கு நேரமில்லை.

ஆக, உங்கள் 3000-இல் ராடும், 2000 என்று அளவு எண் போட்ட ரீலும் (அது விலை இல்லை) சேர்த்து 2000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் நல்ல 0.30 நைலான் சுருள் ஒன்று, 6-ஆம் எண்ணிலும் 10-ஆம் எண்ணிலும் முட்கள், இரண்டு தக்கை, கொஞ்சம் ஈயம், ஒரு பிளையர். இரைக்கு மண்புழு காசில்லாமல் கிடைக்கும், புண்ணாக்கு கால் கிலோ போதும். ஏரியாக இருந்தால் மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் ராடைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆறாக இருந்தால் கதவணைக்குக் கீழே பாறையில் மட்டும் நிற்காதீர்கள், தண்ணீர் திறந்தால் ஏறி வர நேரம் இருக்காது. எந்த ஊர்த் தண்ணீர், அடியில் பாறையா சேறா என்று கருத்துப் பகுதியில் எழுதினால் முள்ளும் ஈயமும் இன்னும் சரியாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதில் வராது.