‘ஐ ஆம் டென்ஷன்’ சரியா? படபடப்பை ஆங்கிலத்தில் சொல்வது பற்றிச் சில கேள்விகள்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

கல்லூரி மாணவர்: டீச்சர், நாளைக்கு இன்டர்வியூ. ‘ஐ ஆம் டென்ஷன்’ என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். தப்பு என்கிறான்.

தப்புதான். டென்ஷன் பெயர்ச்சொல்; அந்த இடத்தில் பெயரடை வர வேண்டும். ‘ஐ ஆம் நெர்வஸ் அபௌட் த இன்டர்வியூ’ என்று எழுதுங்கள். தமிழில் ‘எனக்குப் படபடப்பாக இருக்கிறது’ என்கிறோம். ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுவாயாக முன்னால் வந்து நிற்கும். தமிழை அப்படியே மாற்றப் போய்த்தான் ‘ஃபார் மீ இட் இஸ் நெர்வஸ்’, ‘ஐ ஹேவ் நெர்வஸ்’ எல்லாம் பிறக்கின்றன. இப்போது மட்டும் படபடப்பு என்றால் ‘ஐ ஆம் நெர்வஸ்’. பரீட்சை வந்தாலே அப்படித்தான் என்றால் ‘ஐ கெட் நெர்வஸ் பிஃபோர் எக்ஸாம்ஸ்’. எதனால் வருகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டுமா? ‘இன்டர்வியூஸ் மேக் மீ நெர்வஸ்’.

அதே மாணவர்: இன்டர்வியூவிலேயே அதைச் சொல்லலாமா?

தாராளமாக, ஒரே ஒரு முறை. ‘சாரி, ஐ ஆம் அ பிட் நெர்வஸ். மே ஐ ஸ்டார்ட் அகெய்ன்?’ அந்த ‘அ பிட்’ முக்கியம். ‘எக்ஸ்ட்ரீம்லி நெர்வஸ்’ என்றால் எதிரில் இருப்பவருக்கும் தொற்றிக்கொள்ளும்!

ஐடி ஊழியர்: ‘ஐ ஆம் டென்ஸ்ட்’ என்று எங்கள் ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்களே?

இந்தியாவுக்குள் யாருக்கும் புரியாமல் போகாது. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் ‘டென்ஸ்’ போதும். ‘டென்ஸ்ட்’ அவர்கள் காதுக்குத் தசையை இறுக்குவது போலக் கேட்கும்.

ஒரு தாய்: மகளின் அரங்கேற்றம். ‘நெர்வஸ் அபௌட் ஹெர்’, ‘நெர்வஸ் ஃபார் ஹெர்’, எது சரி?

உங்களுக்கு ‘ஃபார்’. மேடை ஏறுவது அவள், வயிற்றில் புளியைக் கரைப்பது உங்களுக்கு. அதைத்தான் அந்தச் சொல் காட்டும். ‘அபௌட் ஹெர்’ என்றால் அவளே கவலைக்குக் காரணம் என்றாகிவிடலாம். பிரிட்டிஷ்காரர்கள் ‘நெர்வஸ் ஆஃப் டாக்ஸ்’ என்றும் சொல்வார்கள், நாயைக் கண்டால் பயம் என்ற பொருளில்.

வேலை தேடுபவர்: ஹெச்ஆருக்கு ‘ஐ ஆம் ஆங்ஷியஸ் டு ஜாயின்’ என்று எழுதினேன். பயப்படுகிறேன் என்று நினைப்பார்களோ?

பின்னால் ‘டு’ வந்தால் ஆவல், ‘அபௌட்’ வந்தால் கவலை. ஆகவே இலக்கணத்தில் குறையில்லை. அடுத்த முறை ‘ஈகர் டு ஜாயின்’ என்று எழுதினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

லண்டனில் வசிப்பவர்: அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி. டாக்டரிடம் ‘நெர்வஸ் வீக்னஸ்’ என்றேன், அவருக்குப் புரியவில்லை.

புரியாதது நியாயம்தான். நரம்புத் தளர்ச்சி என்று நாம் கை நடுக்கத்தையும் சொல்வோம், மரத்துப்போவதையும் சொல்வோம், வெறும் அசதியையும் சொல்வோம். அங்கே ‘நெர்வஸ்’ என்றதும் மனப் பதற்றம் என்றுதான் நினைப்பார்கள். நோயின் பெயரை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். ‘ஹிஸ் ஹேண்ட்ஸ் ஷேக்’ என்றால் கை நடுங்குகிறது. ‘ஹிஸ் ஃபீட் கோ நம்ப்’ என்றால் பாதம் மரத்துப்போகிறது. எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொழி ஆர்வலர்: பழைய கட்டுரைகளில் ‘நெர்வஸ் ஸ்டைல்’ என்று பாராட்டாக வருகிறதே, எப்படி?

அந்தக் காலத்தில் அது வலிமையைக் குறித்த சொல். மூலமான லத்தீன் சொல்லுக்குத் தசைநாண் என்று பொருள். சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியில் முதல் பொருளே உறுதி, வலிமை என்பதுதான்; நரம்பு பலவீனமானவர் என்ற பொருளை மருத்துவர்களின் கொச்சை வழக்கு என்று கடைசியில் தள்ளியிருக்கிறார். கொச்சைதான் வென்றது. இதன் உறவான ‘நெர்வி’ இன்றும் இரண்டு பக்கமும் நிற்கிறது. பிரிட்டனில் பதற்றக்காரர், அமெரிக்காவில் துணிச்சல்காரர், அதுவும் கொஞ்சம் திமிர் கலந்து. அமெரிக்க மேனேஜரை அப்படி அழைத்துவிடாதீர்கள்.