"என் புத்தகத்தை யாரும் வாசிப்பதில்லை"

அன்பின் ஆலோசகர் அவர்களுக்கு,

நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் எழுத்தாளர். அப்படிச் சொல்லிக்கொள்ளவே இப்போது கூச்சமாக இருக்கிறது. போன ஓகஸ்டில் என் முதல் சிறுகதைத் தொகுதி வந்தது. எல்லாம் கைக்காசு. வெளியீட்டு விழாவுக்குச் சனம் வந்தது. மேடையில் என்வலப்பைத் தந்து, புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டுப் போனார்கள். வாசித்தவர் யார்? நயவுரை சொன்னவர்கூட முன்னுரையைத் தாண்டவில்லை என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. மிச்சப் பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. கூட்டும்போதெல்லாம் தும்புத்தடி இடிக்கிறது. "இதுகளை எப்ப எடுக்கப்போறீர்?" என்கிறார் இவர். அவர் முதல் கதையிலேயே நித்திரையாகிவிட்டார். மகளுக்குத் தமிழ்ப் புத்தகம் என்றாலே அலுப்பு.

நான் வாசிக்காமல் எழுத வந்தவள் இல்லை. 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்தில்தான் என் சனிக்கிழமைகள் கழிந்தன. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் கை நோகச் சுமந்து வருவேன். தொண்ணூறுகளில், ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் அக்கா வாசித்துக் காட்டக் கேட்டு வளர்ந்தவள். அப்படிப்பட்ட எனக்கு ஒருவர்கூட உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிறு இதழ்களுக்கும் அனுப்பினேன். அட்டைப்படம் போட்டதோடு சரி. முகநூலில் நாலு வரி எழுதுபவர்களைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒருவரிடம், சுன்னாகத்தில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு, "அந்தச் சீலையையும் எழுதிப்போட்டியோ?" என்று மட்டும் கேட்டா. இப்போது முந்திப்போலக் கதைப்பதில்லை. அவ எப்போதும் அப்படித்தான், அதை விடுங்கள். மார்கழியில்கூட ஒரு கதை முடித்தேன். தைக்குப் பிறகு ஒரு வரி ஓடவில்லை. புத்தகம் எடுத்தாலும் ஒரே பக்கத்தில் நிற்கிறேன். வாசிக்க ஆளில்லாத இடத்தில் எதற்காக எழுத வேண்டும்? தொகுதியையும் இத்துடன் அனுப்புகிறேன்.

வாசகி, வெள்ளவத்தை


அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய தொகுதியை வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கணவர், மகள், நயவுரைக்காரர், முகநூல்காரர் எல்லோரையும் கொஞ்சம் ஒரு பக்கம் வைப்போம். இங்கே சொந்தக் காசில் தமிழ்ப் புத்தகம் போட்டவர்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழே பெட்டி கிடப்பது புதினம் இல்லை. எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சல் உங்கள் பேனையை நிறுத்தவில்லை. அதே பெட்டிகளுக்கு மேலே படுத்து எழும்பித்தானே மார்கழிக் கதையை எழுதினீர்கள்? பேனை நின்றது தையில். தையில் நடந்தது ஒன்றுதான், அதைத்தான் "விடுங்கள்" என்கிறீர்கள்.

யாரும் வாசிக்கவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அக்கா வாசித்திருக்கிறார்.

அந்தச் சேலைக் கதை எனக்கு நல்ல நினைவு. பெண் பார்க்க ஆட்கள் வரும்போதெல்லாம் அதே மாம்பழ மஞ்சள் சேலை. சிரட்டைக்கரி அயன்பெட்டி சுட்ட அடையாளத்தைக் கொசுவத்துக்குள் மறைத்து உடுக்கிறாள் அந்தப் பெண். கடைசியாக வந்த மாப்பிள்ளையின் தாய் அதைக் கண்டுவிடுகிறாள். தொகுதியிலேயே அதுதான் நல்ல கதை. மற்றக் கதைகளில் நீங்கள் வாசித்த புத்தகங்களின் வாடை அடிக்கிறது, குறை நினைக்காதீர்கள். இதில் அந்த வாடை இல்லை, ஏனென்றால் இது அக்காவிடமிருந்து வந்தது.

இன்னொன்று. ஓகஸ்டில் வந்த புத்தகம் அவர் கைக்குத் தையில்தான் போயிருக்கிறது, அதுவும் யாரோ ஒருவர் மூலம். முகநூல்காரர்வரை எழுதிய நீங்கள், விழாவுக்கு அவர் வந்தாரா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் கதையை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்ற பயம் உங்களுக்கு முதலே இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எழுதியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கூடப்பிறந்தவரின் வாழ்க்கையில் உங்கள் வாழ்க்கையும் இருக்கிறது, எழுத உரிமை உண்டு. ஆனால் எழுதிவிட்டு, "அவ எப்போதும் அப்படித்தான்" என்று அவரை ஒதுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. கதைக்குள் அந்தப் பெண்ணின் கைநடுக்கத்தைக்கூடக் கவனித்தவர், அக்கா நேரடியாகக் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்? உருப்படியாக ஒரு வார்த்தை வேண்டும் என்றீர்களே, அது வந்துவிட்டது. பாராட்டாக வரவில்லை, அவ்வளவுதான். எந்த நயவுரையும் உங்கள் கதைக்குள் அவ்வளவு தூரம் போயிருக்காது.

முன்பு, யார் வாசிக்கப்போகிறார்கள் என்ற துணிச்சலில் எழுதினீர்கள். இப்போது பேனையை எடுத்தாலே அக்கா எட்டிப் பார்க்கிறார். புத்தகம் எடுத்தாலும் அப்படித்தான்: உங்களுக்கு முதன்முதலில் வாசித்துக் காட்டிய குரல் அது. ஒரே பக்கத்தில் நிற்காமல் என்ன செய்வீர்கள்?

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய யாழ்ப்பாணத்தில் நிற்பீர்கள். போய்ப் பாருங்கள். புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டாம். "அது கற்பனைதானே அக்கா" என்றும் தொடங்காதீர்கள். அந்தச் சேலையை உடுத்து நின்றவரிடம் அது எடுபடாது. மன்னிப்பு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பும் அவசரமும் வேண்டாம். அவர் ஏசினால் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். கதைக்காவிட்டால் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் இருந்து வாருங்கள். மார்கழிக் கதையிலும் அவர் இருக்கிறார் என்றால், அதை இப்போதைக்கு எங்கும் அனுப்பாதீர்கள்.

பெட்டிகளில் இருக்கும் பிரதிகளைப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதையும் அக்காவிடம் கேட்ட பிறகு செய்யுங்கள்.