அண்ணனுக்குக் கேட்காத மாத்திரை எனக்குக் கேட்குமா?

கேள்வி: என் அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் விடாமல் சாப்பிட்டும் ஸ்டென்டுக்குள் மறுபடி அடைப்பு. மரபணுப் பரிசோதனை செய்துவிட்டு, ‘உங்களுக்கு இது சரியாக வேலை செய்யாது’ என்று வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று மாதம் முன்பு எனக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். அதே க்ளோபிடோக்ரெல், கூடவே ஆஸ்பிரின், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல். நானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா? (வயது 56)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் நீங்களாக நிறுத்தினால், எதற்குப் பயப்படுகிறீர்களோ அதுவே வந்து நிற்கும்.

அண்ணனுக்கு ஏன் கேட்கவில்லை? க்ளோபிடோக்ரெல் விழுங்கும்போது மருந்தே அல்ல. கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்ற நொதிதான் அதை மருந்தாக மாற்றுகிறது. அந்த நொதிக்கான மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு பிரதி உண்டு. அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. அண்ணனின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், ‘*2/*2’ என்பதுபோல ஏதாவது இருக்கும். அந்த இரண்டு எண்கள்தான் இரண்டு பிரதிகள். 2, 3 என்றால் வேலை செய்யாத வகை, 1 என்றால் சாதாரணம். இரண்டுமே பழுது என்றால் மாத்திரை தேவையான அளவு மருந்தாக மாறாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே இதைக் கட்டம் கட்டி எச்சரித்தது.

உங்கள் பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பிரதி மட்டுமே பழுது என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கும் இரண்டும் பழுதாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று மட்டும் பழுதாக இருக்கப் பாதிக்குப் பாதி. ஸ்டென்ட் வைத்த எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவை என்று நான் சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சொல்வேன். ரத்தமோ எச்சிலோ போதும். மரபணு மாறாது என்பதால் ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் அதே ரிப்போர்ட்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது மரபணுவில் இல்லை, ஒமெப்ரசோலில். அது அதே நொதியின் கையைக் கட்டிப்போடும். மரபணு நன்றாகவே இருந்தாலும் க்ளோபிடோக்ரெலின் வேகம் குறையும். இதற்கு டெஸ்ட் எதுவும் வேண்டாம். பான்டோப்ரசோல் மாதிரி இந்தத் தொல்லை குறைவான மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று இதய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். நீங்களாக அதையும் நிறுத்த வேண்டாம், ஆஸ்பிரினோடு சேரும்போது வயிற்றுக்கு ஒரு காப்பு வேண்டும்.

‘டெஸ்ட் எதற்கு, நேராக மாற்றிவிடலாமே’ என்று தோன்றும். மாற்று மாத்திரைகள் இரண்டு உண்டு. டைகாக்ரெலார் இந்த நொதியை நம்பி இல்லை. பிராசுக்ரெலுக்கும் அது பெரிய பொருட்டில்லை. ஆனால் இரண்டிலும் ரத்தக் கசிவு கொஞ்சம் கூடுதல். டைகாக்ரெலாரைத் தினம் இரண்டு வேளை சாப்பிட வேண்டும், சிலருக்கு மூச்சு வாங்கும். முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் பிராசுக்ரெல் கூடவே கூடாது.

அப்புறம் ஒன்று. இந்த ரிப்போர்ட் இந்த நொதியைத் தொடும் மருந்துகளுக்கு மட்டும்தான் பேசும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் சிலருக்குத் தோலையே உரித்துவிடும். அதை முன்கூட்டிக் காட்டுவது வேறொரு மரபணு, அதற்கு வேறு டெஸ்ட்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அண்ணனின் ரிப்போர்ட்டையும் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். இடையில் நெஞ்சுவலி வந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.