ஒரே போர்த்தண்ணிதான், கரிசலில் மட்டும் ஏன் உப்புப் பூக்கிறது?

கேள்வி: உடுமலைப் பக்கம் எனக்கு இரண்டு காடு. மேலக்காடு செம்மண், கீழக்காடு கரிசல். இரண்டுக்கும் ஒரே போர், சொட்டுநீர், ஒரே ரகத் தக்காளி. தினமும் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுகிறேன். மூன்று வருடமாகக் கரிசலில் வெள்ளையாக உப்புப் பூத்து, இலை ஓரம் கருகிக் காய் சிறுக்கிறது. செம்மண்ணில் காய் பரவாயில்லை, செடிதான் வெளுக்கிறது. பரிசோதனையில் தண்ணீரின் மின்கடத்துதிறன் 2 என்றும், கரிசலின் கார அமில நிலை 8.0 என்றும் வந்தது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா ஐயா?

பதில்: ஜிப்சத்துக்கு இப்போதே பணம் கொடுத்துவிடாதீர்கள். அது சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு மருந்து. களரில் கார அமில நிலை பெரும்பாலும் 8.5-ஐத் தாண்டும். உங்களுடையது கரையும் உப்பு மட்டும் ஏறிய உவர் மண் மாதிரி தெரிகிறது. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கீழக்காட்டுக் காய்ந்த கட்டி ஒன்றை மழைத்தண்ணீர் உள்ள டம்ளரில் போட்டு, கலக்காமல் ஒரு நாள் விடுங்கள். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக நின்றால் ஜிப்சம் வேண்டாம். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் சோடியம் இருக்கிறது. அப்போது மண்ணை முழுதாகப் பரிசோதித்து அளவு கேட்டுப் போடுங்கள்.

உப்பு எங்கிருந்து வந்தது? மின்கடத்துதிறன் என்பது உப்பைக் காட்டும் எண். அது 2 என்றால் உங்கள் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு. தினம் 5 மில்லிமீட்டர் வீதம் 100 நாள் பாய்ச்சினால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். அதாவது இரண்டரை டன் உப்பு, 50 கிலோ மூட்டையில் 50 மூட்டை! செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். வேருக்குக் கீழே இறங்கும் தண்ணீர்தான் அதை வெளியே கொண்டுபோக வேண்டும்.

செம்மண்ணில் தண்ணீர் தானாக இறங்குகிறது, உப்பும் போகிறது. கூடவே யூரியாவின் தழைச்சத்தும் போய்விடுகிறது. மேலக்காடு வெளுப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அங்கே யூரியாவையும் பொட்டாஷையும் மொத்தமாக வைக்காமல், வாரம் ஒருமுறை சிறுகச் சிறுகச் சொட்டுநீரில் விடுங்கள். செடிக்கு 4 லிட்டர் தேவையென்றால் 5 லிட்டர் கொடுத்தால் போதும், அந்த ஒரு லிட்டர் கழுவிவிடும். இப்படி விட்டால் வேர்ப்பகுதி மண்ணின் மின்கடத்துதிறன் 3 அளவில் நிற்கும். தக்காளி 2.5 வரை தாங்கும், அதற்குமேல் ஒவ்வொரு எண்ணுக்கும் விளைச்சல் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். இது சேறாகக் குழைத்துப் பிழிந்த சாற்றின் கணக்கு. மண்ணில் இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து அளந்த எண் இதைவிடக் குறைவாக வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

கரிசல் வேறு கதை. இரண்டு சொட்டுவாய்க்கு நடுவே வெள்ளையாக இருக்கும் இடத்தில் மண்வெட்டி போட்டுப் பாருங்கள். அரை அடிக்குக் கீழே ஈரம் எட்டியிருக்காது என்றே நினைக்கிறேன். தினமும் கொஞ்சம் விடுவது மேலேயே ஆவியாகி, உப்பை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் விட்டாலும் சரி, விடும்போது ஒன்றரை அடிக்கு நனையவிடுங்கள். ஆனால் கரிசலில் ஒரேயடியாகத் தேக்கினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். பள்ளத்து ஓரத்தில் வடிகால் வெட்டாமல் இதில் இறங்காதீர்கள்.

உண்மையான கழுவல் ஐப்பசி மழையில்தான். அறுவடை முடிந்ததும் ஆழ உழுது, வரப்பை உயர்த்தி மழையைத் தேக்குங்கள். இரண்டு மூன்று நாள் நிற்கட்டும், வடியட்டும், மறுபடி தேங்கட்டும். ஓரடி மண்ணுக்குள் ஓரடித் தண்ணீர் இறங்கினால் கரையும் உப்பில் ஐந்தில் நாலு பங்கு கீழே போய்விடும். ஒரே மழைக்காலத்தில் அவ்வளவும் கிடைக்காது, பாதி கிடைத்தாலே செடியில் தெரியும். பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள்.

இன்னொன்று. தூறல் விழுந்ததும் மோட்டாரை நிறுத்துவது நம் எல்லோருக்கும் பழக்கம். செடி நிற்கும்போது அதைச் செய்யாதீர்கள். தூறல், மேலே பூத்த உப்பைக் கரைத்து நேராக வேருக்குள் தள்ளும். மழை நன்றாகக் கொட்டும்வரை சொட்டுநீர் ஓடட்டும்.